அம்மாவின் தைராய்டு மாத்திரையை 125இலிருந்து 100ஆகக் குறைத்துவிட்டார்கள், அசதியில் படுத்தே கிடக்கிறார்

ஈசூன்மகள் | திங்கள், இரவு 10:40

வணக்கம். அம்மா விஷயமாக எழுதுகிறேன். இதே நிலைமையைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 69 வயது. 2006இல் தைராய்டு மிகையாகச் சுரந்ததற்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். அதற்கப்புறம் சுரப்பி அடங்கிப்போய், அன்றிலிருந்து தினமும் காலையில் லீவோதைராக்சின், அதாவது சுரப்பி செய்யும் தைராக்சின் ஹார்மோனுக்கு ஈடான மாத்திரை. ரொம்ப வருடமாக 125 மைக்ரோகிராம், அதாவது ஒரு 100, ஒரு 25. டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராக்சின் அதிகமானால் இது தாழும்) எப்போது பார்த்தாலும் ஒன்றரை, இரண்டு என்றுதான் இருக்கும், டாக்டரும் அப்படியே தொடருங்கள் என்று அனுப்பிவிடுவார். இந்த முறை இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எடுத்த ரத்தத்தில் டி.எஸ்.எச். 0.04. ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் ஓடும் தைராக்சின், 23, அறிக்கையில் போட்டிருக்கும் மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. ஹெல்த்ஹப் செயலியில் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. டாக்டர் அந்த 25ஐ நிறுத்திவிட்டார், 100 மட்டும் போதும், ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்கலாம் என்றார். இசிஜி எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை.

குறைத்து இப்போது மூன்றாவது வாரம் ஓடுகிறது. அம்மாவுக்கு ஒரே அசதி. காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்கிறார், விடியற்காலையில் வேர்த்துக்கொட்டுகிறது என்கிறார். "நல்லா இருந்தவளைப் படுக்க வச்சுட்டாங்க" என்று தினமும் புலம்பல். நேற்று அலமாரியைத் துடைக்கும்போது பழைய மைலோ டின் ஒன்றைத் திறந்தால் உள்ளே அந்த 25 மைக்ரோகிராம் மாத்திரை அட்டைகள். கேட்டால், ரெண்டு நாளாகச் சேர்த்துப் போடுகிறாராம், இப்போதுதான் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதாம்.

இத்தனை வருடம் ஒத்துக்கொண்ட அளவு திடீரென்று எப்படி அதிகமாகும்? ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக் குறைப்பது சரியா? இந்த அசதி எத்தனை நாளைக்கு?

தேக்கா_அண்ணன் | திங்கள், இரவு 11:15

தங்கச்சி, நான் இதை அனுபவித்தவன், அதனால் பட்டென்று சொல்கிறேன். இப்போதெல்லாம் ரிப்போர்ட்டுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார்கள், ஆளைப் பார்ப்பதில்லை. எனக்கு டி.எஸ்.எச். 0.3 வந்தது, எல்லைக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். உடனே மாத்திரையைக் குறைத்தார்கள். அப்புறம் மாதக்கணக்கில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உடம்பு கனம், மலச்சிக்கல், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வேலையில் கண் சொருகும். கடைசியில் வேறு டாக்டரிடம் போய்ப் பழைய அளவுக்கே திரும்பினேன். அம்மா தனக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்துதான் அந்த 25ஐப் போடுகிறார். டாக்டரைப் பார்க்கும்வரை போடட்டுமே, பெரியவர்களை ஏன் இப்படி வாட்ட வேண்டும்?

மருந்தக_மேசை | செவ்வாய், காலை 6:50

நான் மருந்தாளராக வேலை பார்க்கிறவள். ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவசரமாக எழுதுகிறேன். தேக்கா அண்ணன் சொல்வதில் ஒரு பாதியை நான் ஒத்துக்கொள்வேன், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்த மைலோ டின்னை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உங்கள் அம்மாவின் 0.04உம் அண்ணனின் 0.3உம் ஒன்றல்ல. 0.1க்குக் கீழே போனால், அதுவும் 60 வயது தாண்டியவருக்கு, அது வேறு கதை.

முதலில் மாத்திரை உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அதனால் இன்றைக்குக் கூட்டினாலும் குறைத்தாலும் புது அளவு நிலைக்கு வர ஐந்தாறு வாரம் ஆகும். ஆறிலிருந்து எட்டு வாரம் என்று டாக்டர் சொன்னது அதற்காகத்தான். ரெண்டு நாள் 25 போட்டதில் தெம்பு வந்தது என்றால் அது மாத்திரையின் தெம்பு இல்லை. அந்த மருந்து அவ்வளவு வேகமாக ஆளைத் தூக்கி நிறுத்தாது. இடையில் இப்படிப் போட்டும் விட்டும் இருந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் வரும் எண் எந்த அளவுக்கானது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும், டாக்டர் இன்னும் குறைக்கச் சொன்னாலும் சொல்லிவிடுவார்.

சில கேள்விகள். கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் அம்மாவின் எடை மாறியதா? முடி கொட்டுகிறது, நகம் உடைகிறது என்று ஏதாவது வைட்டமின் எடுக்கிறாரா? வேறு என்னென்ன மாத்திரைகள், முக்கியமாகச் சர்க்கரைக்கு? மாத்திரையைக் குறைப்பதற்கு முன்னால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை இருந்ததா? அம்மாவிடம் மட்டும் கேட்காதீர்கள், நீங்களும் யோசித்துப் பாருங்கள். மெதுவாக ஏறும் தைராய்டு அதிகத்தை அவரவரால் கண்டுபிடிக்க முடியாது.

ஈசூன்மகள் | செவ்வாய், மதியம் 1:05

நன்றி அக்கா. சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

எடை மாறியிருக்கிறது, நிறையவே. சர்க்கரை கூடிவிட்டது என்று டாக்டர் எச்சரித்ததிலிருந்து அம்மா சோற்றைக் குறைத்து, தினமும் பூங்காவில் நடக்க ஆரம்பித்தார். 78 கிலோ இருந்தவர் இப்போது 66. நாங்கள் எல்லோரும் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். முடிக்கு வைட்டமின் எதுவும் இல்லை. மாத்திரை போடும் முறையில் குறையே சொல்ல முடியாது, ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காப்பி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிப்பிசைடும். கொழுப்புக்கு ஒன்று.

படபடப்பு பற்றிக் கேட்டீர்களே, காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். போன வருடக் கடைசியிலிருந்தே அம்மா தேநீர் ஊற்றும்போது டம்ளரின் விளிம்பில் பாத்திரம் கடகடவென்று தட்டும். வயசு என்று நினைத்தோம். விடிகாலை நாலு மணிக்கே எழுந்து சமையலறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார். ஏர்கான் போட்டிருக்கும்போதே மின்விசிறியையும் முழு வேகத்தில் வைப்பார். அம்மாவுக்கு இந்த வயதில் இவ்வளவு சுறுசுறுப்பா என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள். அம்மாவும் அதையே ஆரோக்கியம் என்று நம்பினார். இப்போது அது அடங்குவதைத்தான் "படுக்க வச்சுட்டாங்க" என்கிறாரா?

மருந்தக_மேசை | செவ்வாய், இரவு 9:20

இருக்கலாம். ஆனால் அசதி முழுவதையும் அதன் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதுதான் அவசரமும்கூட, அதனால் கடைசிவரை படியுங்கள்.

உங்கள் முதல் கேள்வி, ஒத்துக்கொண்ட அளவு எப்படி அதிகமாகும் என்பது. சுரப்பி முழுக்க நின்றுபோனவருக்குத் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டு ஆரம்பிப்பார்கள். 78 கிலோவுக்கு 125 சரியாக வருகிறது. 66 கிலோவுக்கு 105தான். போதாததற்கு வயது ஏற ஏறத் தேவை குறையும், தைராக்சினை உடம்பு வெளியேற்றும் வேகமும் குறையும். அளவு அப்படியே இருக்கிறது, அம்மாதான் மாறியிருக்கிறார். டாக்டர் 100 என்று சொன்னது குத்துமதிப்பாக இல்லை.

ரெண்டாவது, ஒரே ரிப்போர்ட்டை நம்பலாமா என்பது. டி.எஸ்.எச். மட்டும் தாழ்ந்து ஃப்ரீ டி4 நடுவில் இருந்திருந்தால் நானும் பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். மெட்ஃபார்மின்கூடச் சிலருக்கு டி.எஸ்.எச்.சைக் கொஞ்சம் இறக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தாலும் எண் கொஞ்ச காலம் தாறுமாறாக வரும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு ரெண்டும் சேர்ந்தே ஒரே விஷயத்தைச் சொல்கின்றன, எடையும் சொல்கிறது, தேநீர்ப் பாத்திரமும் சொல்கிறது. இன்னொன்று, ரத்தத்தில் டி4 கொஞ்சம் அசைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு அசையும். ஃப்ரீ டி4 ரெண்டு மடங்கானால் டி.எஸ்.எச். ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் 2 எங்கே 0.04 எங்கே என்று பார்க்கும்போது பயங்கரமாகத் தெரிகிறது, மருந்தில் 25தான் மாறுகிறது.

குறைக்கத்தான் வேண்டுமா என்றால், வேண்டும். 1994இல் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், டி.எஸ்.எச். 0.1க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற இதயத் துடிப்புக் கோளாறு மூன்று மடங்கு அதிகமாக வந்தது. அது வந்தால் பக்கவாதம் வரை போகும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பும் மெலியும். ரெண்டுமே வரும்வரை வலிக்காது, அதனால்தான் "நான் நல்லா இருக்கேன்" என்ற வார்த்தையை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது.

இப்போது அவசரமானது. அம்மா கிளிப்பிசைடு எடுக்கிறார். அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மருந்து, சர்க்கரையைத் தேவைக்கு மேல் இறக்கிவிடும் சாத்தியம் உண்டு. 12 கிலோ இறங்கியிருக்கிறார், சோறு குறைத்திருக்கிறார், இப்போது தைராக்சினையும் குறைத்தாயிற்று. தைராய்டு அதிகமாக இருந்தால் சர்க்கரை ஏறும், அதை இறக்கினால் சர்க்கரை மருந்தின் தேவையும் குறையும். விடிகாலையில் வேர்க்கிறது, எழுந்திருக்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. தைராய்டு குறைவு குளிரத்தான் வைக்கும், வேர்க்க வைக்காது. நாளை காலை அம்மா எழுந்ததும், முடிந்தால் அந்த வியர்வை வரும்போதே, விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 4க்குக் கீழே (இங்கே மில்லிமோல் கணக்கு, ஊர் மில்லிகிராம் கணக்கில் 72) இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள், அப்புறம் காலையிலேயே மருந்தகத்துக்குப் போன் போடுங்கள். மயங்கினாலோ பேச்சு குழறினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 995.

சுவாசூகாங்_அக்கா | செவ்வாய், இரவு 10:02

மருந்தக மேசை எழுதியதைப் படித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றியது. எனக்கு நேர்மாறு, டி.எஸ்.எச். ஏறியது. 2இல் இருந்தது 9க்குப் போய், ஒரு கிளினிக்கில் 75ஐ 100ஆகக் கூட்டினார்கள், அதிலும் ஏற, இன்னும் கூட்டலாமா என்று பேச்சு. அதே இடத்தில்தான் அதற்கு முன்னால் எலும்புக்குக் கால்சியமும் ரத்தசோகைக்கு இரும்பும் எழுதிக் கொடுத்திருந்தார்கள், தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடக்கூடாது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே கையில் வைத்துக் காலையில் விழுங்கிக்கொண்டிருந்தேன், அப்புறம் கீழே உணவங்காடியில் சோயா பால். பிறகு பார்த்த நிபுணர்தான் முதல் கேள்வியாக, என்னென்ன மாத்திரை எந்தெந்த நேரத்தில் என்று கேட்டார். கால்சியம், இரும்பு ரெண்டையும் நாலு மணி நேரம் தள்ளிப் போடச் சொன்னார். அளவைத் திரும்ப 75க்கே கொண்டுவந்து ரெண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எண் தானாக இறங்கியிருந்தது. அதனால் ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி, அளவில் கைவைப்பதற்கு முன்னால் சமீபத்தில் என்ன மாறியது என்று கேட்கிற டாக்டராகப் பாருங்கள்.

இயற்கை_வழி | செவ்வாய், இரவு 11:30

மாத்திரையே தேவையில்லை. கடல்பாசி கேப்ஸ்யூலில் அயோடின் நிறைய இருக்கிறது, என் அத்தை எடுத்து நன்றாக இருக்கிறார். உடம்பு தானாகச் சரிசெய்துகொள்ளும்.

மருந்தக_மேசை | புதன், காலை 6:40

தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். அயோடின் என்பது சுரப்பி ஹார்மோன் செய்யத் தேவைப்படும் மூலப்பொருள். ஈசூன்மகளின் அம்மாவுக்குச் சுரப்பியே வேலை செய்யவில்லை, 2006லேயே முடிந்துவிட்டது, அங்கே அயோடினை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் உடம்பு வீங்கி, துடிப்பு மந்தமாகி, முதியவருக்கு உயிருக்கே ஆபத்தாகும். சுரப்பி பாதி வேலை செய்கிறவர்களுக்கும் கடல்பாசி அயோடின் அளவுக்கு மீறிப்போய் நிலைமையை மோசமாக்கலாம். அத்தை நன்றாக இருப்பதில் சந்தோஷம், ஆனால் அவருக்கு என்ன நோய் இருந்தது என்று நமக்குத் தெரியாது.

ஈசூன்மகள் | புதன், காலை 8:15

அக்கா, கை நடுங்க எழுதுகிறேன். ஐந்தே முக்காலுக்கு அம்மா முனகும் சத்தம் கேட்டுப் போனேன், நைட்டியின் முதுகுப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. விரலில் குத்தினேன், 3.4. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, மறுபடி குத்தியபோது 5.1. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "இப்ப தேவலாம்மா" என்றார். மூன்று வாரமாக அசதி அசதி என்று சொன்னதில் இதுவும் இருந்திருக்கிறது. மருந்தகம் திறந்ததும் போன் போட்டேன், இன்றைக்கே கூட்டிவரச் சொல்லிவிட்டார்கள். லீவு சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

தேக்கா_அண்ணன் | புதன், காலை 9:00

தங்கச்சி, பார்த்து நிதானமாகப் போய் வாங்க. மாத்திரையைப் போடட்டும் என்று நான் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம், மருந்தக மேசை சொன்னதுதான் சரி, 0.3உம் 0.04உம் ஒன்றாகாது. ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அம்மா அசதி என்று சொன்னதை யாரோ காதுகொடுத்துக் கேட்டதால்தான் இன்றைக்குச் சர்க்கரையைக் கண்டுபிடித்தீர்கள்.

மருந்தக_மேசை | புதன், மதியம் 12:30

அண்ணன் சொல்வதில் நான் ஒத்துக்கொள்வதாகச் சொன்ன பாதி அதுதான். அசதி உண்மை. அதற்குக் காரணம் எது என்பதில்தான் தப்பாக முடிவு கட்டிவிடுகிறோம்.

உங்களுடைய 0.3ஐப் பற்றியும் சொல்கிறேன். 0.1க்கு மேலே, எல்லைக்குச் சற்றுக் கீழே, இதயமும் எலும்பும் நன்றாக இருக்கிற நடுவயதுக்காரருக்கு உடனே குறைக்காமல் மறுபடி பரிசோதித்துப் பார்க்கிற டாக்டர்கள் உண்டு. குறைத்தே ஆக வேண்டுமென்றாலும் சிறிதாகக் குறைக்க வழி இருக்கிறது. மருந்து உடம்பில் ஒரு வாரம் தங்குவதால் வாரக் கணக்கில் பார்க்கலாம், வாரத்தில் ஐந்து நாள் 100, ரெண்டு நாள் 125 என்று கொடுத்தால் சராசரி 107. இப்படி எழுதித் தரச் சொல்லி டாக்டரிடமே கேட்கலாம். எந்த நாளில் எது என்று காலண்டரில் குறித்துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிடோக்வாசி | புதன், இரவு 9:45

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது? எங்கள் வீட்டில் மாமிக்கும் தைராய்டு, சர்க்கரை ரெண்டும். நோன்பு மாதத்தில் தைராய்டு மாத்திரையை எப்போது போடுவது என்று வருடாவருடம் குழப்பம். சஹருக்கு எழுந்து மாத்திரை போட்டுவிட்டு அரை மணியாவது காத்திருந்து சாப்பிட வேண்டும், அவ்வளவு சீக்கிரம் எழ முடிவதில்லை. டாக்டரைக் கேட்டதில், நோன்பு திறந்து சாப்பிட்டு மூன்று நாலு மணி நேரம் கழித்து, தராவீஹ் தொழுகை முடிந்து படுக்கப்போகும் நேரத்தில் போடலாம் என்றார். அதுவே வசதியாகிப்போய் இப்போது வருடம் முழுக்க இரவில்தான் போடுகிறார், எண்ணும் நிலையாக இருக்கிறது. நேரத்தை மாற்றினால் மட்டும் ஒன்றரை, ரெண்டு மாதத்தில் ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்றார்.

பொங்கோல்_தங்கை | புதன், இரவு 11:10

முடிக்கான வைட்டமின் எடுக்கிறாரா என்று மருந்தக மேசை கேட்டதன் காரணம் யாருக்காவது புரியாமல் இருந்தால், அது பயோட்டின். என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபின் முடி கொட்டியது, பயோட்டின் 10 மில்லிகிராம் எடுத்தாள். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு தாறுமாறாக அதிகம் என்று வந்தது, உடம்பிலோ ஒரு அறிகுறியும் இல்லை. பல ஆய்வகங்களில் தைராய்டு பார்க்கிற முறையிலேயே பயோட்டின் ஒரு பாகமாம், ரத்தத்தில் அது நிறைய இருந்தால் கருவி டி.எஸ்.எச்.சைக் குறைவாகவும் டி4ஐ அதிகமாகவும் காட்டிவிடும். நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்து எடுத்தால் எல்லாம் சாதாரணம். 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது ரெண்டு நாள் முன்னால் நிறுத்த வேண்டும், பெரிய அளவில் எடுப்பவர்கள் இன்னும் முன்னால். அந்த ரிப்போர்ட்டை நம்பி அவளுக்குத் தப்பாக வைத்தியம் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

உட்லண்ட்ஸ்_மல்லி | வியாழன், காலை 7:30

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் வீட்டுக்காரருக்குத் தைராய்டு புற்றுநோய் அறுவை சிகிச்சை ஆனது. அவருக்கு டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்திருக்கிறார்கள், மிச்சமிருக்கும் செல்கள் தூண்டப்படக் கூடாது என்பதற்காக. அவர் இந்த இழையைப் பார்த்துவிட்டு என் அளவு தப்பா என்று கேட்டார். அவரவர் டாக்டர் எந்த எண்ணைக் குறிவைத்திருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இருப்பவர்களுக்கும் அதே. அவர்களுக்குத் தேவை ஆரம்பத்திலேயே கூடும், உண்டானது தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரட்டும் என்று இருந்துவிடக் கூடாது.

ஈசூன்மகள் | வியாழன், இரவு 10:20

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் கிளிப்பிசைடை நிறுத்திவிட்டார், மெட்ஃபார்மின் மட்டும். தினமும் காலையில் சர்க்கரை குத்திப் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறார். தைராய்டு 100தான், அதில் மாற்றமில்லை. மைலோ டின் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று அம்மா பயந்தார், டாக்டர் திட்டவில்லை, எத்தனை நாள் போட்டீங்க என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார், அதைக் கணக்கில் வைத்து ரத்தப் பரிசோதனையை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்.

அம்மாவைச் சம்மதிக்க வைத்தது எண்களோ ஆய்வோ இல்லை. வீட்டுக்கு வந்ததும் டம்ளரில் அவரையே தேநீர் ஊற்றச் சொன்னேன். இன்னும் தட்டுகிறது, ஆனால் முன்பு மாதிரி இல்லை. அதை அவரே பார்த்தார். பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருடம் படுக்கையில் கிடந்தது அம்மாவுக்கு மறக்காது, துடிப்புக் கோளாறிலிருந்து அது வரலாம் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே போய் இன்னொரு அட்டையை, எனக்குத் தெரியாமல் கைப்பையில் வைத்திருந்ததை, எடுத்துவந்து கொடுத்தார்.

மருந்தக_மேசை | வியாழன், இரவு 10:55

ரொம்ப நிம்மதியாக இருக்கிறது. ரத்தம் எடுக்கும் நாளன்று மாத்திரையைப் போடாமல் போங்கள், எடுத்து முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் ஏறிக் காட்டும். முடிந்தால் போன முறை எடுத்த அதே நேரத்தில், காலையில் எடுங்கள், டி.எஸ்.எச். மத்தியானத்தில் தாழ்ந்துதான் இருக்கும். இன்னொன்று, ரொம்ப நாள் அமுங்கிக் கிடந்த டி.எஸ்.எச். உடனே எழும்பாது, சிலருக்கு மாதக்கணக்கு ஆகும். டி.எஸ்.எச். இன்னும் குறைவாகவே வந்தாலும் ஃப்ரீ டி4 இறங்கியிருந்தால் சரியான திசையில்தான் போகிறது. இடையில் படபடப்பு, மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி எது வந்தாலும் அந்த நாள் வரை காத்திருக்காதீர்கள்.

ஈசூன்மகள் | ஐந்து வாரம் கழித்து, சனி, காலை 10:10

ரிப்போர்ட் வந்துவிட்டது. டி.எஸ்.எச். 0.29, ஃப்ரீ டி4 17. டாக்டர் 100ஐயே தொடரச் சொன்னார், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். காலைச் சர்க்கரை 6, 7க்குள் இருக்கிறது, வியர்வை நின்றுவிட்டது. அம்மா இப்போது ஆறு மணி வரை தூங்குகிறார். அசதி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்கிறார். முன்பிருந்த அந்த வேகம் திரும்பாதது அவருக்கு வருத்தம்தான், அதை மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். அடுத்த மாதம் தஞ்சாவூரில் சொந்தக்காரர் கல்யாணம், அம்மா ஆறு வாரம் தங்குவார். மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா? ஊரில் எல்லா அளவிலும் கிடைக்கிறது, மலிவும் கூட என்கிறார்கள்.

பிடோக்வாசி | சனி, காலை 11:00

அல்ஹம்துலில்லாஹ், கேட்க சந்தோஷமாக இருக்கிறது. மாமி போன தடவை நாகூர் போனபோது இங்கிருந்தே கொண்டுபோனார்.

மருந்தக_மேசை | சனி, மதியம் 2:25

17 நல்ல எண்!

இங்கிருந்தே கொண்டுபோகட்டும். ஊர் மாத்திரை கெட்டது என்று சொல்லவில்லை, ஆனால் கம்பெனி மாறினால் உடம்பு ஏற்கும் அளவு கொஞ்சம் மாறலாம், மாற்றினால் ஆறெட்டு வாரத்தில் ரத்தம் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு இப்போதுதான் எண் ஒரு நிலைக்கு வருகிறது. ஆறு வாரத்துக்குப் போக ரெண்டு வாரம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையிலிருந்து பிரிக்காமல், மருந்தகத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டிய பையோடு, கைப்பையில் வைக்கட்டும், பெட்டியில் போட வேண்டாம். தஞ்சாவூர் வெயிலில் காருக்குள்ளோ சமையலறை அடுப்பு மேடையிலோ வைக்கக் கூடாது, இந்த மாத்திரைக்கு வெப்பமும் ஈரமும் ஆகாது. கல்யாண வீட்டில் ஒரு நாள் மறந்துபோனால் பதறவேண்டாம், நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம், மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் வழக்கமான ஒன்று போதும். சர்க்கரை பார்க்கும் கருவியையும் குச்சிகளையும் மறக்காமல் எடுத்துவையுங்கள், கல்யாணச் சாப்பாடு வேறு இருக்கிறது.

ஈசூன்மகள் | சனி, மதியம் 2:40

குச்சிகள் தீரப்போகின்றன, மருந்தகம் மூடுவதற்குள் போய் வாங்கிவிடுகிறேன். நன்றி அக்கா.